ஆடு ஒரு பக்கம், புலி ஒரு பக்கம்: வாசகர் கேள்வி-பதில்

பலகை ஆட்டங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்கள் பெரும்பாலும் ‘ரூட்’ ஆட்டத்தைச் சுற்றியே இருக்கின்றன. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் போடுகிறோம்.

ரூட் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். கோல் வேர்லே உருவாக்கி, அமெரிக்காவின் லெடர் கேம்ஸ் 2018-ல் வெளியிட்ட ஆட்டம் இது. பலகையில் ஒரு காடு, அதில் 12 திடல்கள். ஒவ்வொரு திடலும் நரி, முயல், எலி ஆகிய மூன்று இனங்களில் ஒன்றுக்கு உரியது. சீட்டுகளிலும் இதே மூன்று இனம்தான். கூடவே எந்த இனத்துக்கும் செல்லுபடியாகும் பறவைச் சீட்டு உண்டு. பூனைப்படை, பறவைகள், காட்டுக் கூட்டணி, நாடோடி என்று நான்கு தரப்பு. நால்வருக்கும் விதி வேறு, புள்ளி சேர்க்கும் வழி வேறு. முதலில் 30 புள்ளியைத் தொடுபவர் வென்றார்.

தாயத்தில் எல்லோருக்கும் ஒரே காய், ஒரே வழி. அதுதானே நியாயம்? ஆளுக்கொரு விதி வைத்தால் அது ஆட்டமா, ஏமாற்றா?
(மேலூர் வாசகர்)

ஆடுபுலி ஆட்டம் ஆடியிருப்பீர்களே! கோடுகள் கூடும் புள்ளிகள் 23. ஒருவருக்கு 3 புலி, மற்றவருக்கு 15 ஆடு. புலி நேர்கோட்டில் ஓர் ஆட்டைத் தாண்டி, அடுத்த புள்ளி காலியாக இருந்தால் அதில் இறங்கி ஆட்டை வெட்டும். ஆட்டுக்கு வெட்டு கிடையாது. 15 ஆடும் பலகையில் இறங்கும்வரை நகரவும் முடியாது. புலிகளை அசையவிடாமல் அடைத்தால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. எத்தனை ஆடு போனால் தோல்வி என்ற கணக்கு மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

இந்த ஆட்டத்தை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. புலிக்கு வலிமை இருக்கிறது, ஆட்டுக்கு எண்ணிக்கை இருக்கிறது. ஆட்டுக்காரர் முதலில் ஓரப் புள்ளிகளில் இறக்க வேண்டும். பின்னால் இறங்க இடமே இல்லாத கோட்டில் நிற்கும் ஆட்டைப் புலி தாண்ட முடியாது. நடுவில் வைப்பதானால் அந்த ஆட்டின் பின்புள்ளியில் முன்பே ஓர் ஆடு நிற்க வேண்டும். அவசரப்பட்டு நடுவில் தனி ஆட்டை வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

இருவர் ஆடும்போது இந்தச் சமநிலையைப் பலகையே கொடுத்தாக வேண்டும். நால்வர் உட்காரும்போது பலகை பாதியைத்தான் கொடுக்கும். மீதியை உட்கார்ந்திருப்பவர்கள் கொடுக்க வேண்டும். ரூட்டில் மூன்று பேர் தூங்கினால் நான்காமவர் ஜெயிப்பார். அதற்கு விதியைத் திட்டிப் பயனில்லை. அடுத்த கேள்வியே அதைப் பற்றித்தான்.

நாங்கள் நான்கு பேர் ஞாயிறுதோறும் ரூட் ஆடுகிறோம். யார் எடுத்தாலும் நாடோடிதான் ஜெயிக்கிறது. அதை விலக்கிவிடலாமா?
(அண்ணாநகர், மதுரை)

விலக்க வேண்டாம். உங்கள் வீட்டில் நாடோடிக்குத் தீனி போடுவது மற்ற மூன்று பேர்தான்.

நாடோடிக்குப் படையே இல்லை, ஒரே ஒரு காய். அந்தக் காயைப் பலகையிலிருந்து எடுக்கவும் முடியாது. அவருடைய வலிமை முழுக்கப் பொருள்களில் இருக்கிறது. செருப்பு இருந்தால் நடப்பார், வாள் இருந்தால் அடிப்பார், பந்தம் இருந்தால் இடிபாடுகளைத் துழாவுவார். பொருளை எங்கிருந்து பெறுகிறார் என்று பாருங்கள். இடிபாடுகளில் கிடைப்பது கொஞ்சம். மற்றவை நீங்கள் சீட்டு போட்டுச் செய்து வைப்பவை. பூனையோ பறவையோ ஒரு வாளைச் செய்து பெட்டியில் வைத்தால், நாடோடி அதே திடலுக்கு வந்து ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு வாளை எடுத்துக்கொண்டு போவார். ‘உதவி’ என்பது அதன் பெயர்! உங்களுக்குச் சீட்டு வந்த மகிழ்ச்சி. அவருக்கு வாளும் கிடைக்கிறது, உறவு வளர்ந்தால் புள்ளியும் கிடைக்கிறது. உறவின் முதல் படிக்கு ஒரு சீட்டு, 1 புள்ளி. அடுத்ததற்கு ஒரே முறையில் இரண்டு சீட்டு, 2 புள்ளி. அதற்கடுத்ததற்கு மூன்று சீட்டு, 2 புள்ளி. அத்துடன் அவர் உங்கள் கூட்டாளி ஆகிவிடுவார். பிறகு ஒவ்வொரு உதவிக்கும் 2 புள்ளி.

ஆகவே முதல் வேலை, செருப்பையும் வாளையும் கண்டபடி செய்யாமல் இருப்பது. ஒரு பொருளைச் செய்தால் வரும் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள். நாடோடி எத்தனை திடல் தள்ளி நிற்கிறார், அவரிடம் அந்தத் திடலின் இனச் சீட்டு இருக்குமா என்றும் பாருங்கள். பறவைகள் பொருள் செய்தால், பெரும்பாலான தலைவர் சீட்டுகளின் கீழ் 1 புள்ளிதான் கிடைக்கும். ஒரு புள்ளிக்காக நாடோடிக்கு வாள் செய்து கொடுப்பது மோசமான வியாபாரம்.

இரண்டாவது வேலை அடிப்பது. நாடோடி மீது விழும் ஒவ்வோர் அடிக்கும் அவருடைய ஒரு பொருள் பழுதாகும். உடையாத வாள் ஒன்றுகூட இல்லாமல் நின்றால் கூடுதலாக ஓர் அடி. ரூட்டில் இரண்டு பகடை, ஒவ்வொன்றிலும் 0 முதல் 3 வரை. பெரிய எண் தாக்குபவருக்கு, சிறிய எண் தடுப்பவருக்கு. கணக்குப் போட்டால் பெரிய எண்ணின் சராசரி 2.1-க்குச் சற்று மேல், சிறியதன் சராசரி 0.9-க்குச் சற்றுக் கீழ். ஆனால் உங்களிடம் எத்தனை வீரர் நிற்கிறார்களோ அத்தனை அடிக்கு மேல் செல்லாது. ஒரு வீரரை வைத்துக்கொண்டு அடிக்கப் போவது வீண். மூன்று பேர் நின்றால் சராசரியாக இரண்டு பொருள் உடையும், வாளில்லாதவரானால் மூன்று. இரண்டு பேர் அடுத்தடுத்து அடித்தால் நான்கைந்து பொருள் போய்விடும். பிறகு அத்தனையையும் ஒரேயடியாகச் சீர்செய்ய அவர் காட்டுக்குள் ஒதுங்க வேண்டும். அவருடைய ஆட்டமுறை ஒன்று போனதாக அர்த்தம்.

இனி சிக்கலான இடத்துக்கு வருவோம். நாடோடியை அடிப்பவருக்குப் புள்ளி கிடையாது. கட்டடத்தையோ வில்லையையோ (பலகையில் வைக்கும் அட்டைக் குறி) அகற்றினால் 1 புள்ளி உண்டு. நாடோடியிடம் அகற்ற எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொருவரும் ‘அவன் அடிக்கட்டும்’ என்று அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கேதான் பேச வேண்டும், அதுவும் சும்மா ‘யாராவது அடிங்கப்பா’ என்று சொல்வது பேச்சாகாது. யாருக்கு அடிப்பது மலிவு என்று பார்க்க வேண்டும். பறவைகளின் ஆணையில் (ஒவ்வொரு முறையும் அவர் கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) போர்ச் சீட்டு கிடந்தால், அந்த இனத் திடலில் ஒரு போர் போட்டே ஆக வேண்டும், விருப்பம் கேட்பதில்லை. நாடோடி அந்த இனத் திடலில் பறவை வீரர்களோடு நின்றால், பறவைக்காரருக்கு அவரை அடிப்பதில் செலவே இல்லை. அவரிடம் முதலில் பேசுங்கள். அடுத்து பூனை. பூனைக்கு ஒரு முறையில் மூன்று செயல், அடிக்க ஒரு செயல் போகும். கூட்டணிக்கு ஆள் குறைவு, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

எப்போது அடிப்பது? மூன்றாவது வாள் கைக்கு வருவதற்கு முன்பு. அதற்குப் பின்பு நாடோடி பகையாக வைத்திருக்கும் படைக்குள் நுழைந்து வெட்டிக்கொண்டே போவார். அவர் முறையில் நடக்கும் போரில் பகையின் ஒவ்வொரு காய்க்கும் ஒரு புள்ளி. 18-லிருந்து ஒரே முறையில் 26-க்குத் தாவுவதெல்லாம் அப்படித்தான்.

எங்கள் குழுவில் ஒருவர் 25 புள்ளியைத் தொட்ட பிறகுதான் எல்லோரும் தடுக்க ஓடுகிறோம். எப்போதும் ஒரு முறை தாமதம். எந்தப் புள்ளியில் தொடங்குவது?
(திருமங்கலம் வாசகி)

புள்ளியைப் பார்த்தால் எப்போதும் தாமதம்தான். வரவைப் பாருங்கள். 30-லிருந்து இப்போதைய புள்ளியைக் கழித்து, ஒரு முறைக்கு வரும் வரவால் வகுத்தால் இன்னும் எத்தனை முறை என்று தெரியும். பூனை 16 புள்ளியில், முறைக்கு 2 வரவு என்றால் அவருக்கு ஏழு முறை வேண்டும். பறவைகள் 12 புள்ளியில், முறைக்கு 4 வரவு என்றால் ஐந்து முறை போதும். பலகையில் முன்னே தெரிவது பூனை, உண்மையில் முன்னே ஓடுவது பறவை. சின்னத் தாளில் ஒவ்வொரு சுற்றுக்கும் நால்வர் புள்ளியையும் எழுதி வையுங்கள். மூன்று சுற்றிலேயே வரவு தெரிந்துவிடும்.

பறவைகளுக்கு முறையின் கடைசிப் பகுதியான மாலைக் கட்டத்தில், அவர் கட்டிய கூடுகளின் எண்ணிக்கைப்படி புள்ளி வரும். 1 கூட்டுக்கு 0, 2-க்கு 1, 3-க்கு 2, 4-க்கு 3, 5-க்கும் 6-க்கும் 4, 7-க்கு 5. ஆறு கூடு இருக்கும்போது ஒன்றை உடைத்தால் அவருடைய வரவு குறையவே குறையாது. ஐந்தில் ஒன்றை உடைத்தால் முறைக்கு ஒன்று குறையும், உங்களுக்கும் 1 புள்ளி.

ஆனால் கூட்டை உடைப்பதைவிட ஆணையை உடைப்பது லாபம். பறவைக்காரர் ஒவ்வொரு முறையும் ஒன்றோ இரண்டோ சீட்டுகளை ஆணையில் சேர்த்தாக வேண்டும். ஆள்சேர்ப்பு, நகர்வு, போர், கட்டுதல் என்ற வரிசையில் அத்தனையையும் நிறைவேற்ற வேண்டும். ஒன்று முடியாவிட்டாலும் ஆட்சி கவிழும். ஆணையில் கிடக்கும் ஒவ்வொரு பறவைச் சீட்டுக்கும் 1 புள்ளி போகும். நிரந்தரமாக இருக்கும் இரண்டு அமைச்சர் சீட்டுகளும் இந்தக் கணக்கில் சேரும். அமைச்சர் இரண்டோடு மூன்று பறவைச் சீட்டு கிடந்தால் 5 புள்ளி காலி. ஆணையும் கலைந்து, புதிய தலைவரோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கவிழ்க்கச் சண்டையே போட வேண்டும் என்பதில்லை. கட்டுதலில் நரிச் சீட்டு கிடந்தால், நரித் திடல்களில் உள்ள காலிக் கட்டட இடங்களைப் பூனை நிரப்பிவிட்டால் போதும். ஆள்சேர்ப்பில் எலிச் சீட்டு கிடந்து, எலித் திடலில் ஒரே கூடு இருந்தால் அந்த ஒன்றை உடையுங்கள். போரில் முயல் சீட்டு கிடந்தால், பறவைகள் போகக்கூடிய முயல் திடல்களிலிருந்து உங்கள் காய்களை நீங்களே விலக்கிக்கொள்ளுங்கள், அடிக்க ஆளில்லாமல் ஆட்சி கவிழும். இந்தக் கடைசி வழிக்கு மூவரும் சேர்ந்து விலக வேண்டும். ஒருவர் ஒரு வீரரை மறந்து விட்டுவைத்தாலும் திட்டம் போச்சு. பறவைகள் நகர்ந்த பிறகுதான் போர் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கவிழ்ந்த முறையிலும் கூடுகளுக்கான புள்ளி மாலையில் அவருக்கு வரும். ‘கவிழ்த்துவிட்டோமே, ஏன் ஏறுகிறார்’ என்று குழம்ப வேண்டாம். கவிழ்ந்தவரை மறுபடி அடிக்கவும் வேண்டாம். தாளை எடுத்து அடுத்த வேகமானவர் யார் என்று பாருங்கள்.

மூன்று பேருக்கு எந்தத் தரப்புகளைக் கொடுக்கலாம்?
(பேரையூர்)

ரூட்டின் விரிவாக்க விதிகளில் ஒவ்வொரு தரப்புக்கும் ‘எட்டும் தூரம்’ என்று ஒரு மதிப்பு உண்டு, பலகையில் எவ்வளவு தூரம் கை நீளும் என்பதன் அளவு. பூனை 10, பறவை 7, நாடோடி 5, கூட்டணி 3. இருவர் ஆடினால் கூட்டுத்தொகை குறைந்தது 17, மூவருக்கு 18, நால்வருக்கு 21 இருக்க வேண்டும். பூனை, பறவை, கூட்டணி சேர்த்தால் 20, நல்லது. பூனை, கூட்டணி, நாடோடி 18, தட்டுத்தடுமாறிப் போதும். பூனை இல்லாமல் மற்ற மூன்றையும் கொடுத்தால் 15 தான். ஆளை அடக்க ஆளில்லாமல் கூட்டணி காட்டுத்தீ போலப் பரவிவிடும்.

நான் பூனை எடுத்தால் மூன்று பேரும் என் மீதே பாய்கிறார்கள். பாவம் பார்ப்பதே இல்லை. என்ன செய்வது?
(உசிலம்பட்டி வாசகர்)

சேரன், சோழன், வேளிர் ஐவர் என்று எழுவர் சேர்ந்து வந்தும் தலையாலங்கானத்தில் தனியாக நின்று வென்ற நெடுஞ்செழியன் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். ஆனால் உங்கள் கையில் இருப்பது 25 மரக்காய். வீரம் பேசாமல் வேறு வழி பார்ப்போம்.

ஆட்டம் தொடங்கும்போதே பூனையின் வீரர்கள் 11 திடல்களில் ஒவ்வொருவராக நிற்பார்கள். பூனையின் கோட்டை இருக்கும் மூலைக்கு எதிர் மூலை மட்டும் காலி. பார்க்கக் காடே உங்களுடையது போலத் தெரியும், உண்மையில் 11 இடத்தில் தனி ஆள். எல்லோரும் அடிப்பதற்குக் காரணம் பகை இல்லை, அடிப்பது எளிது என்பதுதான். முதல் இரண்டு முறையில் பறவைகளின் பக்கம் உள்ள மூன்று திடல்களை விட்டுவிட்டு, மர ஆலைகள் இருக்கும் நாலைந்து திடல்களில் மும்மூன்று பேராகக் குவியுங்கள். பூனையின் ஒரு ‘அணிவகுப்பு’ச் செயலில் இரண்டு நகர்வு உண்டு, அதை முழுக்கப் பயன்படுத்துங்கள். கட்டடத்துக்கு வேண்டிய மரம் நீங்கள் ஆளும் (உங்கள் வீரரும் கட்டடமும் மற்றவரைவிட அதிகம் உள்ள) திடல்கள் வழியாகத் தொடர்ந்து வந்து சேர வேண்டும். நடுவில் ஒரு திடல் அறுந்தால் மரம் இருந்தும் கட்ட முடியாது. சிதறிய பூனைக்கு இதுதான் முதலில் வரும் நோய்.

விடப்போகும் திடல்களைச் சும்மா விடாதீர்கள், விலை பேசி விடுங்கள். ‘வடக்கே உள்ள இந்த மூன்றில் இருந்து இந்த முறை விலகுகிறேன். மூன்று சுற்றுக்கு இந்த ஆற்றைத் தாண்டி என் ஆலைக்கு வராதே’ என்று பறவைக்காரரிடம் சொல்லுங்கள். தொடக்கத்தில் அவருக்குக் கூடு கட்ட இடம் வேண்டும், போர் வேண்டாம். கட்டாயம் யோசிப்பார்.

மூன்று பேராக நிற்பதில் இன்னொரு லாபம். எதிரி வீரர் மூன்று பேர் நிற்கும் திடலில் ஆதரவு வில்லை (அந்தத் திடல் கூட்டணியை ஆதரிக்கிறது என்பதன் குறி) வைக்க, காட்டுக் கூட்டணிக்கு ஒரு சீட்டு கூடுதலாகச் செலவாகும். வழக்கமான செலவு முதல் மூன்று வில்லைக்கு ஒவ்வொன்று, அடுத்த மூன்றுக்கு இரண்டிரண்டு, பிறகு மும்மூன்று. தொடக்கத்திலேயே ஒரு சீட்டுச் செலவு இரண்டாகிவிட்டால் அவருக்குப் பெரிய இடி.

கூட்டணியை அடக்குவது பூனையின் தலையில்தான் விழும், காரணம் ஆள் அதிகம். ஆனால் வில்லையை அகற்றினாலும், வில்லை உள்ள திடலுக்குள் வீரர்களை நகர்த்தினாலும் அந்த இனச் சீட்டு ஒன்றை அவருக்குக் கொடுக்க வேண்டும். உங்களிடம் இல்லாவிட்டால் கையில் உள்ள சீட்டுகளைக் காட்ட வேண்டும், அவர் சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வார். அதனால் உள்ளே போய் அகற்றாமல் போனால் இரட்டை நஷ்டம்: நுழைந்ததற்குச் சீட்டும் போனது, வில்லையும் நிற்கிறது. இன்னொன்று, கூட்டணி தடுக்கும்போது பகடையில் பெரிய எண் அவருக்கு, உங்களுக்குச் சிறியது. அது 0 ஆக வர வாய்ப்பு 16-ல் 7. ஏறத்தாழ பாதித் தடவை உங்கள் அடி காற்றில் போகும். வீரர் நிற்காத வில்லையை அடிப்பது வேறு. காவல் இல்லாததால் கூடுதலாக ஓர் அடி உண்டு, கட்டாயம் போகும். ஆகவே கூட்டணிக்குத் தளம் (அவருடைய கட்டடம்) வருவதற்கு முன்பே அடியுங்கள். தளம் வந்தபின் அடிப்பதானால் தளத்தையே உடையுங்கள். ஆதரவாளர் சீட்டுகளில் (வில்லை வைக்க அவர் செலவழிப்பவை) அந்த இனச் சீட்டுகளும், பறவைச் சீட்டுகளும், அவருடைய அதிகாரிகளில் பாதியும் அவர் கையைவிட்டுப் போய்விடும்.

இத்தனை செலவு உங்களுக்கு, பலன் மூவருக்கும். இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘நான் இரண்டு சீட்டு இழந்து வில்லையை எடுக்கிறேன். பதிலுக்கு இந்தச் சுற்று என்மேல் கை வைக்காதீர்கள்.’ செய்த பிறகு சொன்னால் யாரும் தரமாட்டார்கள். செய்வதற்கு முன்பு கேளுங்கள்.

பேசத் தெரியாதவன் நான். பேரம் என்று வந்தாலே மற்றவர்கள் ஏமாற்றிவிடுகிறார்கள்.
(மாட்டுத்தாவணி பூ வியாபாரி)

பூ வியாபாரி இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? காலை மல்லிக்கு ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை என்று தெரிந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

பேச்சு நீளமாக இருக்க வேண்டாம், தெளிவாக இருந்தால் போதும். எந்த இடம், எந்த முறை, என்ன செயல், எப்போது முடியும் என்ற நான்கும் இருக்க வேண்டும். ‘நம்ம ரெண்டு பேரும் சண்டை வேண்டாம்’ என்பது ஒப்பந்தமே இல்லை. எந்த நிமிடமும் எப்படியும் பொருள் சொல்லலாம். ‘உங்கள் அடுத்த முறையில் ஐந்தாம் திடலில் என் ஆலையை அடிக்காமல் விடுங்கள், என் அடுத்த முறையில் ஏழாம் திடலில் நாடோடியை அடிக்கிறேன்’ என்பது ஒப்பந்தம். காலக்கெடு முக்கியம். இரண்டு சுற்றுக்கு மேல் பேசாதீர்கள், அதற்குள் பலகை மாறிவிடும், மாறிய பலகையில் பழைய வாக்கு யாருக்கும் பிடிக்காது.

ரூட்டில் விதி சொன்னாலொழியச் சீட்டையோ காயையோ புள்ளியையோ கைமாற்ற முடியாது. கொடுக்க முடிந்தது செய்கை மட்டும், அதிலும் முக்கியமாகச் செய்யாமல் விடுவது. யார் முதலில் செய்கிறாரோ அவருக்கு ஆபத்து அதிகம். பெரிய வேலையை இரண்டாகப் பிரித்து, பாதி நீங்கள் செய்து, அவர் பாதி செய்து, பிறகு மீதி என்று போங்கள்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பலகை ஆட்டத்தில் அது சில ஆட்டங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். ரூட்டில் மூவரும் கேட்கச் சொன்ன வாக்கை மீறுவது கடினம். ஆகவே கூச்சமுள்ளவர் எல்லோர் முன்னும் பேசுவதே நல்லது.

வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவது தப்பா?
(சிம்மக்கல்)

ஆட்டத்தைப் பொறுத்தது. 1979-ல் வந்து 2019-ல் மறுபதிப்புக் கண்ட ‘டூன்’ ஆட்டத்தில் எல்லோர் முன்னும் செய்த பேரத்தை நிறைவேற்றியே ஆக வேண்டும். கூட்டணி சேரவும் பிரியவும், மணல்புழுச் சீட்டு வரும்போது மட்டும்தான் முடியும். தனியாக வெல்ல மூன்று கோட்டை, இருவராக வெல்ல நான்கு. அதில் பெனே ஜெசரிட் என்ற தரப்பை எடுப்பவர், யார் எந்தச் சுற்றில் வெல்வார் என்று தொடக்கத்திலேயே ரகசியமாக எழுதி வைப்பார். அப்படியே நடந்தால் வெற்றி அவருக்கு மட்டும். அவர் உங்களுக்கு வலிய வந்து உதவினால் கொஞ்சம் பயப்படுங்கள்.

‘காஸ்மிக் என்கவுன்டர்’ (1977) ஆட்டத்தில் மோதும் இருவரும் பேச்சுவார்த்தைச் சீட்டு வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் உடன்பட வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கு மூன்று கப்பல் நஷ்டம். உடன்பட்டது செல்லும். ஏழு வல்லரசுகள் மோதும் ‘டிப்ளமசி’யில் எந்த வாக்கும் செல்லாது, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. மீறுவதே ஆட்டம்.

டிப்ளமசியில் எங்கள் கணக்கு: மீறுவதால் ஒரே அடியில் இரண்டு மையமாவது (வெல்வதற்குப் பிடிக்க வேண்டிய இடங்கள்) கிடைக்க வேண்டும், அடிபட்டவர் திருப்பி அடிக்க முடியாத நிலையிலும் இருக்க வேண்டும். ஒரே ஒரு மையத்துக்காகக் காலை வாரினால், மீதி ஆட்டம் முழுக்க ஒரு பரம எதிரியைச் சம்பாதித்ததுதான் மிச்சம்.

டிப்ளமசிக்கு ஏழு பேர் சேரவே மாட்டேன் என்கிறார்கள். விடுதியில் ஐந்து பேர்தான். ஆட முடியுமா?
(நாகமலை புதுக்கோட்டை மாணவர்)

முடியும். ஆலன் கால்ஹமர் 1959-ல் வெளியிட்ட ஆட்டம் இது. ஏழு வல்லரசு, 34 மையங்கள், 18 பிடித்தவர் வென்றார். ரஷ்யாவுக்குத் தொடக்கத்தில் நான்கு படை, மற்றவர்களுக்கு மூன்று. பகடை கிடையாது. ஆறு பேர் என்றால் இத்தாலியை விடுங்கள், ஐந்து பேர் என்றால் இத்தாலியையும் ஜெர்மனியையும் விடுங்கள். அந்நாட்டுப் படைகள் இருந்த இடத்தில் நின்று தற்காத்துக்கொள்ளும், ஒன்றுக்கொன்று ஆதரவு தராது. துரத்தப்பட்டால் கலைந்துவிடும். இரண்டுக்கும் பக்கத்தில் இருப்பவை பிரான்சும் ஆஸ்திரியாவும். மற்ற மூவரும் முதல் ஆண்டிலேயே இதைக் கவனிக்காவிட்டால் பிரான்ஸ் கொழுத்துவிடும்.

பேச்சுக்கு முதல் முறை அரை மணி, பிறகு கால் மணி. கடிகாரம் வைத்தே ஆக வேண்டும், இல்லையேல் இரவு உணவு ஆறிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆணையை எழுதி, ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும். புதியவர்கள் தவறுவது ஆதரவு ஆணையில் (ஒரு படை இன்னொன்றுக்குப் பலம் சேர்ப்பது). உங்கள் படை தானே போக முடிந்த இடத்துக்குத்தான் அது ஆதரவு தர முடியும். ஆதரவு தரும் படை வேறு பக்கமிருந்து தாக்கப்பட்டால் ஆதரவு அறுந்துபோகும். சம பலத்தில் இருவர் ஒரே இடத்துக்குப் போனால் யாரும் போக முடியாது. இதையே ஒப்பந்தமாகவும் பயன்படுத்தலாம்: ரஷ்யாவும் துருக்கியும் ஆட்டத்தின் முதல் முறையான 1901 வசந்தத்தில் இருவருமே கருங்கடலுக்கு ஆணை எழுதி, வேண்டுமென்றே முட்டிக்கொண்டு, கடலைக் காலியாக வைப்பது பழைய வழக்கம். ஒருவர் எழுதாமல் விட்டால் மற்றவர் கருங்கடலில் உட்கார்ந்துவிடுவார். அப்போதே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

தவறாக எழுதிய ஆணை செல்லாது, படை நின்ற இடத்தில் நிற்கும். ‘எழுத்துப் பிழைப்பா, மன்னிச்சிரு’ என்பது இந்த ஆட்டத்தின் மிகப் பழைய பொய்.

தோற்பது உறுதியானவர், கடைசியில் தனக்குப் பிடித்தவரைத் தூக்கிவிட்டுவிடுகிறார். மூன்று மணி நேரம் வீண்.
(கூடல்நகர் வாசகி)

இதைத் தடுக்கப் பெட்டியில் விதி கிடையாது, தொடங்குவதற்கு முன்பு பேசி வைப்பதுதான் வழி. ‘ஜெயிக்க முடியாதவர் தன் இடத்தை ஒரு படி உயர்த்தப் பார்க்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் முன்னே ஓடுபவரைத் தடுக்க வேண்டும்’ என்று ஒரு வரி போதும். பழிவாங்கலைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நடு ஆட்டத்திலேயே ‘என் கடைசி ஆலையை உடைத்தால் மீதி ஆட்டம் முழுக்க உன்னோடுதான்’ என்று சொல்வது பேரம்; அதை நிறைவேற்றுவதும் சரி. சொல்லாமல் வைத்திருந்து கடைசி முறையில் காட்டுவது சரியில்லை.

ரூட்டில் பின்தங்கியவருக்கு ஒரு வாசல் இருக்கிறது, பலர் மறந்துவிடுகிறார்கள். 10 புள்ளி சேர்ந்தவர் ஆதிக்கச் சீட்டை இறக்கலாம். அதன்பின் புள்ளி சேராது. தன் முறையின் தொடக்கத்தில் அந்த இனத் திடல் மூன்றை ஆண்டால் வென்றார். பறவை ஆதிக்கச் சீட்டானால் எதிரெதிர் மூலைத் திடல் இரண்டு. நால்வர் ஆட்டத்தில் நாடோடி அந்தச் சீட்டை இறக்கினால், புள்ளி குறைந்தவரோடு கூட்டுச் சேர்ந்து அவர் வெற்றியில் பங்கு பெறலாம். 12 புள்ளியில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பூனைக்காரருக்கு எலி ஆதிக்கச் சீட்டு கிடைத்தால் அறையே நிமிர்ந்து உட்காரும்.

நம்ம பக்கத்தில் இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது?
(சிலைமான்)

உங்களுக்குப் பக்கத்திலேயே கீழடி. அகழாய்வில் யானைத் தந்தத்தில் செய்த பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. அருங்காட்சியகம் 2023-ல் திறந்தாயிற்று, பேருந்து ஏறினால் சற்று நேரத்தில் போய்விடலாம்.

சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியவில்லை. போட்டால் சீட்டு பறக்கிறது.
(ஆரப்பாளையம்)

மேசையை விசிறிக்கு நேர் கீழே போடாமல் சுவரோரம் தள்ளுங்கள். சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டால் கொஞ்சம் கனம் வரும், வியர்வைக் கையிலிருந்தும் தப்பும். ரூட்டின் கட்டில் 54 சீட்டு, நூறு உறைப் பொட்டலம் ஒன்று தாராளம். கழிந்த சீட்டுகளின் மேல் ஒரு புளியங்கொட்டைப் பை வைக்கலாம். ஆடுபுலிக்கு 15 ஆடு வேண்டும்போது அதையே அவிழ்த்துக்கொள்ளலாம். ஜிகர்தண்டா டம்ளரைப் பலகைமேல் வைக்காதீர்கள். அடியில் வழியும் தண்ணீருக்கு அட்டை ஊதிப்போகும், ஊதின அட்டை திரும்பப் படியாது.